டீசல் உழவு இயந்திரங்களில் எரிபொருள் நீர்க்கலப்பு

டீசல் உழவு இயந்திரங்களில் எரிபொருள் நீர்க்கலப்பு என்பது, உழவு இயந்திரத்தின் (டிராக்டர்) டீசல் தொட்டியிலும், அதனைத் தொடர்ந்துள்ள குழாய், வடிகட்டி, உட்செலுத்து பம்பு, நாசில் ஆகிய உறுப்புகளிலும் நீர் சேர்வதையும், அதனால் உண்டாகும் பழுதுகளையும் குறிக்கும். டீசலில் கலந்த நீர் எரிவதில்லை; மசகுத் தன்மையும் அதற்கு இல்லை; எஃகைத் துருப்பிடிக்கச் செய்கிறது. எனவே சில தேக்கரண்டி நீரும் இயந்திரத்தை வயலின் நடுவில் நிறுத்திவிடக் கூடும்.

காவிரிப் பாசனப் பகுதியின் தலைப்பில் உள்ள திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் உழவுப் பருவமும் மழைப் பருவமும் ஏறத்தாழ ஒன்றாக வருவதால் இச்சிக்கல் அங்கு முக்கியத்துவம் பெறுகிறது. காற்றின் ஈரம் தொட்டிக்குள் குளிர்ந்து நீராவதே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் வெப்பமான இவ்வட்டாரத்தில் அவ்வாறு சேரும் நீர் சிறிதளவே. டீசலை வாங்கி, வைத்து, ஊற்றும் முறையிலிருந்தே பெரும்பகுதி நீர் வந்து சேர்கிறது. ஆகவே தடுப்பு முறைகளும் வடிகட்டியில் அல்லாமல் பீப்பாயிலிருந்தே தொடங்க வேண்டியவை ஆகின்றன.

வட்டாரச் சூழல்

முக்கொம்பு மேலணையில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இவ்விரு ஆறுகளுக்கும் இடையே அமைந்த தீவே ஸ்ரீரங்கம் ஆகும். தீவிலும் அதன் சுற்றுப்புறங்களான அந்தநல்லூர், லால்குடி, மண்ணச்சநல்லூர் பகுதிகளிலும் நெல், வாழை ஆகியன முதன்மைப் பயிர்களாகும். மேட்டூர் அணை 1934 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பாசனத்திற்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் சூன் 12 ஆகும். அணையின் நீர் இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆவதுண்டு. சம்பா நடவுக்கான சேற்றுழவு பெரும்பாலும் ஆகத்து இறுதி முதல் அக்டோபர் வரை நடைபெறுகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது.

சேற்றுழவின்போது டிராக்டரின் பின் சக்கரங்களுடன் 'கேஜ் வீல்' எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரங்கள் பொருத்தப்படுகின்றன. இவை தார்ச்சாலையைக் கிழித்துவிடும் என்பதால் அச்சக்கரங்களுடன் வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. கழற்றி மாட்டுவதோ நேரம் பிடிக்கும் வேலை. எனவே வண்டி பல நாட்கள் வயலிலேயே நிற்கிறது; டீசல்தான் அதனைத் தேடி வருகிறது. இரு சக்கர வண்டியில் பிளாஸ்டிக் கேனில் வரும் டீசல், வரப்பில் வைக்கப்பட்டு, தூறலிலோ ஈரக்கையாலோ புனல் வழியாக ஊற்றப்படுகிறது. டீசல் நிலையத்தில் நேரடியாக நிரப்பும் பேருந்துக்கோ சரக்குந்துக்கோ இந்த இடைநிலை இல்லை. நன்செய் நிலத்து டிராக்டருக்கு மட்டும் நீர்க்கலப்பு ஏன் மிகுதி என்பதற்கு இதுவே முதன்மை விளக்கமாகும்.

பழுதின் விலை பட்டறைக் கட்டணத்தோடு முடிவதில்லை. குறுகிய கால நெல் இரகங்களுக்கு 18 முதல் 22 நாள் வயதுடைய நாற்று பரிந்துரைக்கப்படுகிறது. வண்டி நான்கு நாள் நின்றுவிட்டால் நாற்று முற்றிவிடும்; தூர் கட்டுவது குறையும். வாடகைக்கு ஓட்டுபவருக்கு மணிக்கணக்கில் வரும் வருமானம் அந்தப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது.

டீசலில் நீரின் நிலைகள்

டீசலில் நீர் மூன்று நிலைகளில் காணப்படும். மிகச் சிறிதளவு நீர் டீசலிலேயே கரைந்திருக்கும். இது கண்ணுக்குத் தெரியாது. டீசல் சூடாக இருக்கும்போது கரையும் அளவு கூடும். குளிரும்போது உபரி நீர் வெளிப்படும். இரண்டாவது, நுண்ணிய துளிகளாகப் பரவிய நீர். இந்நிலையில் டீசல் கலங்கலாக, கழுநீர் போல் தோன்றும். மூன்றாவது, தனி நீர். 15 பாகை செல்சியசில் டீசலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.81 முதல் 0.845 கிலோகிராம் ஆகும். நீர் அதனினும் கனமானது என்பதால் அடியில் தங்குகிறது.

துளியின் அளவைப் பொறுத்தே அது படியும் நேரம் அமையும். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி, டீசலில் நொடிக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் இறங்கும். 200 லிட்டர் பீப்பாயின் முழு உயரத்தையும் அது ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடும். விட்டம் அதில் பத்தில் ஒரு பங்காக இருந்தால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். அத்துளி அடியை அடைய மூன்று நாட்களுக்கு மேல் ஆகும். பீப்பாயை உருட்டிக் கொண்டுவந்த உடனே டீசல் எடுக்கக் கூடாது என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் அடிப்படை இதுவே ஆகும்.

நீர் நுழையும் வழிகள்

காற்றின் ஈரம்: தொட்டியில் டீசல் குறையக் குறைய அவ்விடத்தைக் காற்று நிரப்புகிறது. பகலில் சூடாகி விரியும் காற்று வெளியேறி, இரவில் குளிரும்போது புதிய காற்று உள்ளே வருகிறது. 50 லிட்டர் வெற்றிடம் உள்ள தொட்டி பகலில் 45 பாகைக்கும் இரவில் 26 பாகைக்கும் இடையே மாறினால், ஒவ்வோர் இரவும் சுமார் 3 லிட்டர் காற்று உள்ளே வரும். ஈரமான கடைமடைக் காற்றாயினும் அதில் உள்ள நீராவி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அது முழுவதும் நீராக மாறுவதாகக் கொண்டாலும் ஒரு மாதத்தில் இரண்டு கிராம் அளவே சேரும். குளிர் நாடுகளில் நிலைமை வேறு. வேலை முடிந்த மாலையில் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும் என்ற அறிவுரை பெரும்பாலும் அந்நாடுகளின் கையேடுகளிலிருந்து வந்ததாகும். நிரப்பி வைப்பது தவறன்று. தொட்டியின் மேற்பகுதி துருப்பிடிப்பதை அது குறைக்கும். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டுப் பீப்பாயை மழையில் விடுவதால் பயனில்லை.

மழையில் நிற்கும் பீப்பாய்: 200 லிட்டர் இரும்புப் பீப்பாயின் மேல்தட்டு சுமார் 57 சென்டிமீட்டர் விட்டம் உடையது, அதனைச் சுற்றி உயர்ந்த விளிம்பு உண்டு. 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அத்தட்டில் இரண்டரை லிட்டர் நீர் தேங்கும். மூடியின் திருகு தளர்ந்தோ வளையம் தேய்ந்தோ இருந்தால், இரவில் பீப்பாய் குளிர்ந்து உள்ளே அழுத்தம் குறையும்போது அந்நீர் மறை வழியே உறிஞ்சப்படுகிறது. மூடி இறுக்கமாக இருப்பதாகவே தோன்றும். வெளியே கசிவும் தெரியாது. காற்றின் ஈரம் பல ஆண்டுகளில் சேர்க்கும் நீரை ஒரு மழை இரவு சேர்த்துவிட முடியும்.

கேனும் புனலும்: குடிநீருக்கோ பூச்சிமருந்துக்கோ பயன்பட்ட கேனைக் கழுவி, உலருமுன் டீசல் பிடிப்பது பரவலான வழக்கம். கழுவிய கேனின் கைப்பிடிப் பள்ளத்தில் தங்கும் நீர் கவிழ்த்தாலும் வெளியேறுவதில்லை. வரப்பில் கிடந்த புனலில் உள்ள சேறும் நீரும் அவ்வாறே தொட்டிக்குள் செல்கின்றன.

தொட்டி மூடியும் காற்றுத் துளையும்: தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்துவிடும். மூடி தொலைந்தபின் பாலித்தீன் தாளைக் கட்டியோ துணியைத் திணித்தோ ஓட்டுவதும் உண்டு. துணி மழைநீரைத் தடுப்பதற்கு மாறாக உறிஞ்சி உள்ளே சொட்டவிடும். மாலையில் சேற்றைக் கழுவ மோட்டார் குழாயை வேகமாகப் பீய்ச்சும்போது மூடியின் காற்றுத் துளை வழியே நீர் புகும். கழுவும் நேரத்தில் மூடியின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். அவிழ்க்காமல் ஓட்டினால் காற்று புகாமல் தொட்டியில் வெற்றிடம் உண்டாகி வண்டி நின்றுவிடும்.

எரிபொருள் நிலையம்: இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1460 தரப்படி ஒரு கிலோகிராம் டீசலில் நீர் 200 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. 60 லிட்டர் தொட்டிக்கு இது 10 கிராம் ஆகும். நிலத்தடித் தொட்டியில் நீர் உள்ளதா என்பதை அளவுக்கோலில் தடவிய நீர்காண் பசையின் நிற மாற்றத்தால் அறியலாம். பெருமழைக்குப் பின்னும், லாரி வந்து தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போதும் டீசல் பிடிக்காமல் இருப்பது நன்று. கொட்டும் வேகத்தில் அடிப்படிவு கலங்கி எழுகிறது.

விளைவுகள்

உட்செலுத்து பம்பின் பிளஞ்சருக்கும் உருளைக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒருசில மைக்ரோமீட்டர் மட்டுமே. தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கைவிடக் குறைவு. அவ்விடைவெளியில் மசகாகச் செயல்படுவது டீசலே. நீர் புகும் இடத்தில் மசகுப் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. வண்டி ஓரிரு வாரம் நின்றிருந்தால் துரு ஏறி பிளஞ்சர் இறுகிவிடும். நாசிலின் ஊசியிலும் இதே நிலை ஏற்படும். சூடான நாசில் முனையில் நீர் திடீரென ஆவியாவதும் முனையைச் சேதப்படுத்தும்.

பம்பின் வகையைப் பொறுத்துச் சேதம் வேறுபடும். வரிசைப் பம்பில் கேம் தண்டுப் பகுதிக்குத் தனியாக எஞ்சின் எண்ணெய் உண்டு. பிளஞ்சர்கள் மட்டுமே டீசலை நம்பியுள்ளன. இங்கிலாந்தின் சிஏவி நிறுவனம் தயாரித்த டிபிஏ போன்ற சுழல் பம்புகளில் உள்ளுறுப்புகள் அனைத்தும் டீசலாலேயே மசகிடப்படுகின்றன. ஆகவே சுழல் பம்பு நீரைத் தாங்குவது குறைவு.

நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வளர்கின்றன. இவற்றில் அமார்போதீக்கா ரெசினே என்னும் பூஞ்சை நன்கு அறியப்பட்டது. இவை உண்டாக்கும் பழுப்பு அல்லது கருநிறக் கோழை வடிகட்டியை அடைக்கும். வெளிவிடும் அமிலங்கள் தொட்டியை அரிக்கும். அறுவடை முடிந்து பிப்ரவரி முதல் மே வரை வண்டியும் பீப்பாயும் அசையாமல் நிற்கும் காலம் இவ்வுயிரிகளுக்கு ஏற்றது. சூனில் முதல் உழவின்போது வடிகட்டி அடுத்தடுத்து அடைபட்டால், 'டீசலில் தூசி' என்று கருதாமல் தொட்டியின் அடியில் நீர் உள்ளதா என்று பார்க்க வேண்டும். நீரை அகற்றாமல் வடிகட்டியை மட்டும் மாற்றினால் கோழை மீண்டும் வளரும்.

டீசலைச் சேமித்தல்

பீப்பாயைக் கூரையின்கீழ் வைப்பது முதன்மையானது. இடமில்லையெனில் இரு மரக்கட்டைகளின்மேல் படுக்கவைத்து, இரு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில், டீசல் மட்டத்திற்குக் கீழே இருக்குமாறு திருப்பி வைக்கலாம். இந்நிலையில் மறையின் உட்புறம் டீசலால் நனைந்திருப்பதால் வெளிக்காற்றோ நீரோ உறிஞ்சப்படாது. நிறுத்தித்தான் வைக்க வேண்டுமெனில், ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து, மழைநீர் மூடிகளை எட்டாமல் தாழ்ந்த விளிம்பில் தேங்கும்படி செய்தல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு செங்கல் மட்டுமே.

டீசலை எடுக்கும் கைப்பம்பின் குழாய் பீப்பாயின் அடியைத் தொடக் கூடாது. அடியிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டு குழாயை அறுத்துவிட்டால் நீரும் வண்டலும் அங்கேயே தங்கும். எஞ்சும் அடி டீசலை வீணாகக் கொட்டாமல் கண்ணாடிக் குடுவையில் தெளியவைத்து மேல்பகுதியை மீட்கலாம். துத்தநாகம் பூசிய வாளி, பீப்பாய் ஆகியன டீசலுக்கு ஏற்றவையல்ல; துத்தநாகம் டீசலில் உள்ள அமிலப் பொருள்களோடு வினைபுரிந்து வடிகட்டியை அடைக்கும் சோப்பு போன்ற படிவை உண்டாக்குகிறது. ஊற்றும் புனலில் நுண்ணிய கம்பி வலை இருப்பது தூசியைத் தடுக்கும். மடித்த வேட்டித் துணி தூசியை ஓரளவு தடுத்தாலும் நீரை நிறுத்தாது.

1934 ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, 'பி' வகுப்பைச் சேர்ந்த டீசலை ஓரிடத்தில் 2500 லிட்டருக்கு மிகாமலும், எந்தக் கலனும் 1000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டாமலும் உரிமம் இன்றி வைத்திருக்கலாம். விவசாயியின் இரண்டொரு பீப்பாய் இவ்வரம்பிற்குள் அடங்கும். எனினும் பருவத்திற்குத் தேவையானதற்கு மேல் வாங்கி மாதக்கணக்கில் வைப்பது நீர்க்கலப்பை வரவழைப்பதாகும்.

வடிகட்டியும் நீர் பிரிப்பானும்

பெரும்பாலான டிராக்டர்களில் தொட்டிக்கும் பம்பிற்கும் இடையே ஒரு படிவுக் கிண்ணமும் இரு வடிகட்டிகளும் உள்ளன. கிண்ணத்தில் டீசலின் வேகம் குறைவதால் கனமான நீர் அடியில் தங்குகிறது. இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை இயக்குமுன், கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குடுவையில் சிறிது பிடித்துப் பார்ப்பதே மிகச் சிறந்த தினசரிச் சோதனையாகும். ஓடி நிறுத்திய உடனே பார்த்தால் நீர் கலங்கியிருப்பதால் தெரியாமல் போகலாம். குடுவையில் டீசல் தெளிவாக, ஒளி ஊடுருவும்படி இருத்தல் வேண்டும். அடியில் தனிக்குமிழாக உருளுவது நீராகும். மேலே உள்ள டீசல் மஞ்சள் சாயலுடனும் நீர் நிறமற்றும் இருப்பதால் வேறுபாடு எளிதில் தெரியும். நீர் செம்பழுப்பாக இருப்பின் தொட்டி ஏற்கெனவே துருப்பிடித்திருக்கிறது என்று பொருள்.

கிண்ணத்தின் கொள்ளளவு சிறியது. அது நிரம்பியபின் வரும் நீர் நேராக வடிகட்டித்தாளை அடைந்து, தாள் ஊறி, பம்பிற்குள் சென்றுவிடும். எனவே நீர் பிரிப்பான் என்பது கடைசிக் காவலே. தொட்டியின் அடித்திருகையும் மாதம் ஒருமுறையும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் திறந்து பார்ப்பது நன்று.

நீர் புகுந்தமைக்கான அறிகுறிகளும் செய்ய வேண்டியனவும்

எஞ்சின் சீரற்று ஓடுதல், இழுவை குறைதல், வெண்புகை, ஏர் பிடித்ததுபோல் விட்டுவிட்டு இயங்குதல், பின் நின்றுவிடுதல் ஆகியன அறிகுறிகளாகும். இவை வடிகட்டி அடைப்புக்கும் காற்றுப் புகுதலுக்கும் பொதுவானவை; உறுதி செய்யக் கண்ணாடிக் குடுவைச் சோதனையே வழி. ஐயம் எழுந்தவுடன் எஞ்சினை நிறுத்த வேண்டும். மீண்டும் மீண்டும் செல்ப் அடித்து ஓட்ட முயல்வதே பம்பைக் கெடுக்கும் செயலாகும். அதுவரை கிண்ணத்தில் இருந்த நீரைப் பிளஞ்சருக்குத் தள்ளுவது அம்முயற்சிதான்.

தொட்டியை முழுதும் வடித்து, தெளிந்த டீசலால் அலசி, கிண்ணத்தைத் துடைத்து, இரு வடிகட்டிகளையும் மாற்றியபின் காற்றை அகற்ற வேண்டும். வடிகட்டித் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, ஊட்டுப் பம்பின் கைநெம்பை அடித்து, குமிழியின்றி டீசல் வரும்வரை விட்டு இறுக்குவர். அடுத்துப் பம்பின் திருகிலும், இறுதியில் நாசில் குழாய்களின் நட்டிலும் அவ்வாறே செய்வர். நீர் பம்பை எட்டியிருப்பின் இவ்வளவில் நிறுத்தாமல், பம்பையும் நாசில்களையும் கழற்றிச் சோதனை மேடை உள்ள டீசல் பம்புப் பட்டறையில் காட்டுதல் வேண்டும். அன்றைக்கு ஓடிவிட்டது என்று விட்டுவைத்த பம்பு, வண்டி நிற்கும் கோடையில் துருவேறி இறுகுகிறது.

மண்ணெண்ணெய் ஊற்றினால் நீர் போய்விடும் என்ற நம்பிக்கை தவறாகும். மண்ணெண்ணெயும் நீரைக் கரைப்பதில்லை. டீசலின் மசகுத் தன்மையை மட்டும் குறைக்கிறது. நீரைத் துளிகளாகச் சிதறடித்து எரிபொருளோடு கடந்துபோகச் செய்யும் சேர்மானங்கள், நீர் பிரிப்பானின் வேலையையே முறியடித்துவிடுகின்றன.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2005 நவம்பரில் காவிரி, கொள்ளிடம், கோரையாறு ஆகியவற்றின் பெருக்கால் திருச்சிராப்பள்ளியின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. 2018 ஆகத்தில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் உடைந்தன. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய டிராக்டரை இயக்கிப் பார்க்கக் கூடாது. எரிபொருள் தொட்டியோடு எஞ்சின் எண்ணெய், பற்சக்கரப் பெட்டி எண்ணெய், காற்று வடிகட்டி ஆகியவற்றையும் நீர் அடைந்திருக்கும். உருளைக்குள் நீர் இருக்கும்போது சுழற்றினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். பம்பு துருப்பிடிக்கச் சில நாட்களே போதும் என்பதால், காப்பீட்டாளருக்குத் தகவல் கொடுத்து நிழற்படம் எடுத்தவுடன் அதனைக் கழற்றி டீசலில் மூழ்க வைப்பது சேதத்தைக் குறைக்கும்.

புதிய இயந்திரங்களும் எரிபொருளும்

இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 'ட்ரெம் 4' மாசு வரம்பு 2023 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வரம்பிற்காக வந்த பொதுத் தண்டவாள எனப்படும் 'காமன் ரெயில்' எஞ்சின்களில் டீசல் 1000 பாருக்கும் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. பழைய நாசில்கள் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 200 பார் அளவினதே. அழுத்தம் கூடியதால் இடைவெளிகள் மேலும் நுண்ணியவாகி, நீரைத் தாங்கும் திறன் மேலும் குறைந்துள்ளது. இவ்வகை எஞ்சின்களில் நீர் பிரிப்பானில் உணரி இருப்பின் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரியும். இவற்றில் உயரழுத்தக் குழாய் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய முறையைக் கையாளக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் வலிமை உடையது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படும் பாரத் நிலை 6 டீசலில் கந்தகம் ஒரு கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பிற்குள் உள்ளது. 2018 ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030 க்குள் டீசலில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலப்பதை இலக்காகக் குறிப்பிடுகிறது. உயிரி டீசல் சாதாரண டீசலைவிடக் கூடுதல் நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். நுண்ணுயிரிகளும் அதில் எளிதாக வளரும். அத்தகைய கலவையைக் கோடை முழுதும் பீப்பாயில் வைத்திருப்பது நன்றன்று.